டாக்டர் அயெந்தேயும் அரை லிட்டர் பாலும்

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சென்ற வாரம் ஒரு சர்ச்சை மூண்டது. எம்.பி.பி.எஸ். முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்க வேண்டிய பருவத்தில், ஏதோ ஒரு கட்சிக் கூட்ட மேடையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை யாரோ தேடிப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், அடுத்த கணமே பெரியப்பாவின் குரல் பதிவு வந்து விழுந்தது.

"ஒரு மெடிக்கல் சீட்டு வேஸ்ட்டாப் போச்சுப்பா. அந்த எடத்துல வேற ஒரு புள்ளை படிச்சிருக்கும்."

கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. "ஊசி போடுற கைக்கு மைக் எதுக்கு?" என்று சித்தி எழுதினாள். (சித்திக்கு வசனம் நன்றாக வரும், அதை மறுப்பதற்கில்லை.)

எனக்கு வந்த கோபத்தில் ஒரு நீண்ட பதில் எழுதத் தொடங்கினேன். ஆனால் பாருங்கள், தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த பைண்டு செய்த பழைய பத்திரிகைகளைப் படித்து வளர்ந்த தோஷத்தால், என் வாக்கியங்கள் எழுவாயில் கிளம்பிப் பயனிலைக்கு வந்து சேருவதற்குள் குழுவில் நாலு 'காலை வணக்கம்' வந்துவிடுகிறது. ஆகவே அங்கே சொல்ல நினைத்ததை இங்கே, உங்களைப் பிடித்து உட்கார வைத்து, சாவகாசமாகச் சொல்லிவிடுகிறேன். காபி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம் படித்தவர்கள் தேசத் தலைவர்களாக ஆனது உலகத்தில் அபூர்வமான சங்கதி அல்ல. சீனக் குடியரசின் முதல் தற்காலிக ஜனாதிபதியான சுன் யாட்-சென் ஹாங்காங்கில் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர். முதல் உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் பிரான்ஸின் பிரதம மந்திரியாக இருந்த கிளெமென்ஸோ டாக்டர். மலேசியாவின் மகாதீர் அலோர் ஸ்டாரில் சொந்தமாகக் கிளினிக் நடத்திய டாக்டர். இவர்களில் பலருக்கு வைத்தியம் என்பது இளமையில் செய்து பிறகு விட்டுவிட்ட ஓர் உத்தியோகம். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட இரண்டெழுத்து. அதற்குமேல் பெரிய சம்பந்தம் இராது.

ஆனால் ஒருவர் இருந்தார். அவர் கடைசி வரைக்கும் வைத்தியத்தை விடவே இல்லை என்பதும், நோயாளியைத் தேடிக்கொண்டே போனவர் போய்ச் சேர்ந்த இடம் ஜனாதிபதி மாளிகையாக இருந்தது என்பதும் என் தாழ்மையான அபிப்பிராயம்.

அவர் பெயர் சால்வதோர் அயெந்தே. (நம் பத்திரிகைகளில் அலெண்டே என்று பார்த்திருப்பீர்கள். அவரேதான்.)

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஒரு பக்கம் ஆண்டீஸ் மலையும் மறுபக்கம் பசிபிக் சமுத்திரமும் நெருக்க, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமும் அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலமுமாக, முருங்கைக்காய் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறதே சிலி தேசம், அங்கே 1908-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி பிறந்தவர். தகப்பனார் வக்கீல். பாட்டனார் ராமோன் அயெந்தே பதீன் டாக்டர், செனட்டர், மதச் சார்பற்ற கல்விக்காகப் போராடியவர், அவருடைய தீவிரமான கொள்கைகளுக்காக ஜனங்கள் அவரைச் 'சிவப்பு அயெந்தே' என்றே அழைத்தார்களாம். ஆக, ஸ்டெதஸ்கோப்பும் சட்டசபையும் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான சாமான்கள்தான்.

ஆனால் பையனுக்கு அரசியலில் அட்சராப்பியாசம் செய்து வைத்தவர் பாட்டனார் அல்லர். வால்பராய்ஸோ துறைமுகப் பட்டினத்தில், அவர்கள் வீட்டுக்கு எதிரில், ஹுவான் தெமார்ச்சி என்ற இத்தாலியக் கிழவர் ஒருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் என்ற ஒன்றே மனிதனுக்கு அவசியமில்லை என்று நம்புகிற அராஜகவாதக் கட்சிக்காரர். பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய கடையில் போய் உட்கார்ந்துவிடும். கிழவர் அதற்குச் சதுரங்கம் கற்றுக்கொடுப்பார். படித்த புஸ்தகங்களைப் பற்றிப் பேசுவார். கடினமான விஷயத்தை எளிய பாஷையில் சொல்லுவார். பிற்காலத்தில், தம்மை உருவாக்கியவர்களைப் பற்றிச் சொல்லும் சந்தர்ப்பம் வந்தபோது, அயெந்தே இந்தக் கிழவரை மறக்காமல் குறிப்பிட்டார்.

(இந்தக் காலத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டால் டியூஷனுக்குப் போகும். செருப்புத் தைக்கிற தாத்தாவின் கடையில் போய் உட்கார்ந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.)

1926-இல் சான்டியாகோவில் மருத்துவப் படிப்பு. அங்கே மாணவர் சங்கத்தில் உப தலைவர், சர்வாதிகாரியாக இருந்த இபான்யெஸை எதிர்த்துக் கிளர்ச்சி, கைது. இதெல்லாம் நம் ஊர்த் தலைவர்களின் சரித்திரத்திலும் வருகிற வழக்கமான படலங்கள்தான், வேகமாகத் தாண்டிவிடுவோம். தாண்ட முடியாதது ஒன்று உண்டு. 1932-இல் அவர் மறுபடியும் காவலில் இருந்தபோது தகப்பனார் மரணப் படுக்கையில் கிடந்தார். நீரிழிவு முற்றிப் புரையோடியதால் ஒரு காலை எடுத்தாகிவிட்டது. மகனைக் கொஞ்ச நேரம் வந்து பார்க்க அனுமதித்தார்கள். நேர்மையான வளர்ப்பைத் தவிர உங்களுக்கு நான் விட்டுச் செல்வது வேறொன்றுமில்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, மறுநாள் அவர் கண்ணை மூடினார். மயானத்தில் பேசும்போது, இனி என் வாழ்க்கை சமூகப் போராட்டத்துக்கே என்று சபதம் செய்ததாக அயெந்தே பின்னாளில் சொன்னார்.

சபதம் செய்துவிட்டார், சரி. சாப்பாட்டுக்கு வழி?

இங்கேதான் கதை ருசிக்கத் தொடங்குகிறது. படித்து முடித்து வால்பராய்ஸோவில் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்டார். நாலு முறை போட்டித் தேர்வு எழுதியதாகவும், நாலிலும் அபேட்சகர் தாம் ஒருவரே என்றும், அப்படி இருந்தும் அந்த இடங்களைக் காலியாகவே வைத்துக்கொண்டார்களே ஒழியத் தமக்குக் கொடுக்கவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஒற்றை ஆள் ஓடிய பந்தயத்தில் ஒருவனை இரண்டாவதாக வரச் செய்யும் சாமர்த்தியம் அரசாங்க ஆபீஸ்களுக்கு உலகம் முழுவதும் பொதுவானது போலிருக்கிறது!

கடைசியில் கிடைத்த வேலை எது தெரியுமா? வான் பூரென் ஆஸ்பத்திரியில், வேறு யாரும் ஆசைப்படாத இடம். பிணவறை. பிரேதப் பரிசோதனை உதவியாளர்.

1,500 பிரேதங்களைத் தம் கையால் அறுத்துப் பார்த்ததாக அவர் ஒரு கணக்குச் சொல்வார். அந்த எண்ணை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கன்சல்டிங் அறையில் இருக்கிற டாக்டர் நோயாளியின் வாய் சொல்வதைக் கேட்கிறார்; 'கொஞ்ச நாளாக இருமல்' என்பார் நோயாளி; டாக்டர் மருந்து எழுதுவார்; நோயாளி போய்விடுவார்; அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பது டாக்டருக்குத் தெரியாது. பிணவறை டாக்டருக்கோ கடைசிப் பக்கம்தான் முதலில் கிடைக்கிறது. அரித்துப் போன நுரையீரல், சவலைப் பிள்ளையின் சுருங்கிய குடல், ரகசியமாக யாரிடமோ கர்ப்பத்தைக் கலைக்கப் போய்ச் செத்த பெண்ணின் தேகம். துறைமுகக் குன்றுகளின் மேல் தகரக் கொட்டகைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்த ஜனங்களின் வீடு, கூலி, சோறு, தண்ணீர் ஆகிய நாலும் அந்த மேஜைமேல் எழுதி வைத்தாற்போலத் தெரியும், படிக்கத் தெரிந்தவருக்கு.

அயெந்தே படித்தார்.

அவருக்கு முன்னால் படித்தவரும் ஒருவர் உண்டு. 1848-இல் மேல் சைலீசியா மாகாணத்தில் டைபஸ் காய்ச்சல் கொள்ளை கொள்ளையாக ஜனங்களை வாரிக்கொண்டு போனபோது, பிரஷ்ய அரசாங்கம் ருடால்ஃப் விர்ஹோ என்ற 26 வயது டாக்டரை விசாரித்து வர அனுப்பியது. கஷாயமோ மாத்திரையோ சிபார்சு செய்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். திரும்பி வந்த பையன் கொடுத்த அறிக்கையில் இருந்த சிகிச்சை: பூரண ஜனநாயகம், எல்லோருக்கும் கல்வி, நியாயமான வரி! அந்த விர்ஹோவின் சிஷ்யரான மாக்ஸ் வெஸ்டன்ஹோஃபர் என்ற ஜெர்மானியர் சான்டியாகோ மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூறியல் கற்பித்தவர். ஆக, சிலியின் டாக்டர்களிடையே இந்தச் சிந்தனைக்கு ஒரு குருபரம்பரை இருந்தது. அயெந்தே வானத்திலிருந்து குதித்தவர் அல்லர்.

1933-இல் சோஷலிஸ்ட் கட்சி பிறந்தபோது அதை வால்பராய்ஸோவில் நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1937-இல் பார்லிமெண்ட் அங்கத்தினர். 'ரொட்டி, கூரை, உடை' என்ற மூன்று சொல் கோஷத்தோடு மக்கள் முன்னணி 1938-இல் ஆட்சியைப் பிடிக்க, மறு வருஷம் சுகாதார மந்திரி. அப்போது வயது 31.

மந்திரியான கையோடு அவர் செய்த காரியம் ஒரு புஸ்தகம் வெளியிட்டது. 'சிலியின் மருத்துவ-சமூக யதார்த்தம்' என்று தமிழில் சொல்லலாம். 1939-இல் வந்தது. ஸ்பானிஷ் தெரியாத நான் செல்போன் மொழிபெயர்ப்புச் செயலியின் உபயத்தால் அதற்குள் தட்டுத் தடுமாறி நுழைந்து பார்த்தேன். (செயலி சில இடங்களில் காசநோயை என்னென்னவோவாக ஆக்கியது, ஆனால் அட்டவணைகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.) ஒரு மந்திரி எழுதிய புஸ்தகம் என்றால் அரசாங்கத்தின் சாதனைப் பட்டியலாக இருக்கும் என்பதுதான் நமக்குள்ள அனுபவம், இதிலோ பக்கத்துக்குப் பக்கம் தேசத்தின் அவமானங்கள் கணக்குப் போட்டுக் காட்டப்பட்டிருக்கின்றன. பிரசவத்தில் சாகும் தாய்மார், பிறந்த வருஷமே சாகும் சிசுக்கள், காசம், மேகநோய், தொழிற்சாலை விபத்து, கள்ளத்தனமான கருக்கலைப்பு, ஒற்றை அறையில் ஒண்டுகிற குடும்பங்கள். அந்தக் காலத்துச் சிலியில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 200-க்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணாமலே போய்க்கொண்டிருந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

மருந்து வியாபாரத்தைப் பற்றியும் எழுதுகிறார். ஒரே ரசாயனம், கம்பெனிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு விலை, ஏழை எதை வாங்குவது என்று தெரியாமல் விழிக்கிறான் என்று. 1939-இல்! நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டு, "இதே மருந்து வேற கம்பெனில குறைஞ்ச வெலைக்கு இருக்கா அண்ணே?" என்று நான் நேற்றுக்கூடக் கேட்டேன்.

எல்லாவற்றையும் விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது புஸ்தகத்தின் சிகிச்சைப் பகுதி. டாக்டர்-மந்திரி, இத்தனை ஆஸ்பத்திரி, இத்தனை படுக்கை என்று கேட்கிறவராக இல்லை. கூலியை உயர்த்து, வீட்டைக் கட்டு, விளையும் உணவை நியாயமாகப் பங்கிடு என்கிறார். இவையெல்லாம் சுகாதார இலாகாவின் அதிகாரத்துக்குள் வருகிற விஷயங்களே அல்ல. ஒரு சுகாதார மந்திரி, தம் இலாகாவால் முக்கால்வாசி நோயைத் தீர்க்க முடியாது என்று அச்சில் ஒப்புக்கொள்கிறார் என்றால், அவர் அடுத்து எந்த நாற்காலியை நோக்கி நடப்பார் என்பதை யூகிக்க ஜோசியம் வேண்டியதில்லை.

(இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 1939 ஜனவரி 24-ஆம் தேதி இரவு சிலியின் சில்யான் நகரத்தில் பயங்கரமான பூகம்பம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதிர்ச்சி தலைநகரம் வரை எட்டியது. ஃப்ரீமேசன் சங்கக் கூட்டத்திலிருந்து தெருவுக்கு ஓடி வந்த டாக்டர், சினிமாக் கொட்டகையிலிருந்து ஓடி வந்த ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். பெயர் ஓர்தென்சியா புஸ்ஸி. அவரே பிறகு திருமதி அயெந்தே. நம் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.)

அதன் பிறகு செனட்டராகக் கால் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் அவர் முன்நின்று உழைத்த காரியங்களில் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஒன்று, சிதறிக் கிடந்த ஆஸ்பத்திரிகளையும் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் வைத்தியத்தையும் ஒன்றாக்கிய தேசிய சுகாதார சேவை, 1952-இல் சட்டமாயிற்று. மற்றொன்று, சிலி நாட்டு டாக்டர்களுக்கெல்லாம் சட்டபூர்வமான சங்கமாகிய 'கொலேஹியோ மெதிக்கோ'. அதை உண்டாக்கப் பாடுபட்டதோடு அதன் தலைமைப் பதவியையும் வகித்தார்.

ஜனாதிபதித் தேர்தலில் முதலில் நின்றது 1952-இல். நூற்றுக்கு ஐந்து ஓட்டுச் சொச்சம்தான். 1958-இல் சுமார் 33,000 ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி. அந்தத் தேர்தலில் திடீரென்று முளைத்த ஒரு முன்னாள் பாதிரியார் 41,000 ஓட்டுகளைப் பிரித்துக்கொண்டு போனார். (ஓட்டைப் பிரிக்கிற கலை நம் தேசத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று தெரிந்து ஆறுதல் அடைக.) 1964-இல் மறுபடியும் தோல்வி, ஜெயித்தவரின் தேர்தல் செலவில் பாதிக்கு மேல் அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் என்று பிற்பாடு அமெரிக்க செனட் கமிட்டியே விசாரித்து 1975-இல் எழுதி வைத்தது. தம் கல்லறையில் 'சிலியின் அடுத்த ஜனாதிபதி இங்கே உறங்குகிறார்' என்று பொறிக்கலாம் என்று அயெந்தே தம்மையே பரிகாசம் செய்துகொள்வார்.

மனிதர் நல்ல ரசிகர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேர்த்தியாகத் தைத்த கோட்டு, நல்ல திராட்சை மது, கனமான கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி. ஏழைகளுக்காகப் பேசுகிறவர் இப்படி மைனர் போல உடுத்தலாமா என்று எதிரிகள் கேலி செய்தார்கள். கசங்கிய சட்டையைக் கொள்கைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆகவே இந்த விஷயத்தில் நான் டாக்டர் கட்சி.

1970 செப்டம்பரில் நாலாவது முறை. மும்முனைப் போட்டி. நூற்றுக்கு 36 சொச்சம் ஓட்டு வாங்கி முதலாவதாக வந்தார். இரண்டாமவரோடு வித்தியாசம் நாற்பதாயிரத்துக்கும் கீழே. பெரும்பான்மை இல்லாததால் காங்கிரஸ் சபை தேர்ந்தெடுக்க வேண்டும். அது கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், ராணுவம் அரசியலில் தலையிடக் கூடாது என்று உறுதியாக நின்ற தளபதி ஷ்னைடரைக் கடத்தப் போன கும்பல் சுட்டுவிட்டது, சபை கூடிய மறுநாள் அவர் இறந்தார். அப்படியும் சபை அயெந்தேயைத் தேர்ந்தெடுத்தது. நவம்பர் 3-ஆம் தேதி பதவியேற்பு. ஓட்டுப் பெட்டி வழியாக மார்க்ஸியவாதி ஒருவர் ஜனாதிபதியானார் என்று உலகப் பத்திரிகைகள் தலைப்பு எழுதின.

சரி, பாலுக்கு வருவோம்.

புதிய அரசாங்கம் முதலில் செய்யப்போவதாக வாக்களித்திருந்த 40 காரியங்களில் ஒன்று: சிலி தேசத்துக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தினம் அரை லிட்டர் பால். சுரங்கங்களைத் தேசியமயமாக்குவோம், நிலத்தைப் பங்கிடுவோம் என்ற பெரிய பெரிய வாக்குறுதிகளுக்கு நடுவே இந்த அரை லிட்டரை ஒரு பொருளாதார நிபுணர் எழுதியிருக்க மாட்டார். பிணவறையில் சவலைப் பிள்ளைகளைப் பார்த்த கைதான் எழுதியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். பால் விநியோகம் அதற்கு முன்பும் அந்த நாட்டில் உண்டு. ஆனால் இந்த அளவிலும், எந்தக் குழந்தையும் விலக்கல்ல என்ற இந்தப் பிடிவாதத்திலும் அல்ல. பவுடர் பாலாக, சுகாதார நிலையங்கள் மூலமாகவும் பள்ளிக்கூடங்கள் மூலமாகவும் போயிற்று. 1970-இல் ஆயிரத்துக்குச் சுமார் 80 ஆக இருந்த சிசு மரணம் 1973-இல் 65-ஐ ஒட்டி இறங்கியது. இத்தனையும் பாலால் என்று சொல்ல மாட்டேன். முந்தைய அரசாங்கங்கள் போட்ட அஸ்திவாரமும் அதில் உண்டு. ஆனால் இறங்கியது.

இதோடு நிறுத்தினால் நல்ல நீதிக்கதை. வாஸ்தவம் அப்படி இல்லை.

1971 ஜூலையில் பெரிய தாமிரச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கும் சட்டத்துக்குக் காங்கிரஸில் ஒருவர்கூட எதிர் ஓட்டுப் போடவில்லை. வலதுசாரிகளும் கை தூக்கினார்கள். அந்த வருஷம் கூலி உயர்ந்தது, கடைத்தெருவில் கூட்டம் நிறைந்தது, சந்தோஷம். ஆனால் கூலியை உயர்த்தி, விலையைக் கட்டிப்போட்டு, பற்றாக்குறைக்கு நோட்டு அச்சடித்தால் பண்டம் எங்கே போகும்? முதலில் கடையின் பின்பக்கத்துக்கும், பிறகு கள்ளச் சந்தைக்கும் போகும். போயிற்று. 1971 டிசம்பரிலேயே பெண்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு சான்டியாகோ வீதியில் ஊர்வலம் வந்தார்கள். (வசதியான வீட்டுப் பெண்கள்தான் அதிகம் என்பார்கள் அயெந்தேயின் பக்தர்கள், பிறகு வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் அல்லர்.) 1972-இல் விலைவாசி ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, அடுத்த வருஷம் அது குழந்தை விளையாட்டு என்னும்படி ஆயிற்று. வாஷிங்டன் கடன்களை மூடியது, எதிர்க்கட்சிப் பத்திரிகைக்குப் பணம் கொடுத்தது, எல்லாம் உண்மை. கஜானாக் கணக்கில் அரசாங்கம் தானே செய்த தப்பும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம். நாலாயிரம் கிலோமீட்டர் தேசத்தில் லாரி நின்றால் மூச்சு நின்றது போலத்தான். கடைக்காரர்கள் சேர்ந்தார்கள். வக்கீல்கள் சேர்ந்தார்கள்.

டாக்டர்களும் சேர்ந்தார்கள்.

குறித்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தச் சங்கம்தான். எந்தச் சங்கத்தை உண்டாக்க அவர் பாடுபட்டாரோ, எதன் தலைவர் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தாரோ, அதே சங்கம் தன் முன்னாள் தலைவருக்கு எதிராக நின்றது. 1973 ஆகஸ்டில் மறுபடியும் நின்றது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும்: மருந்துத் தட்டுப்பாடு, தொழில் சுதந்திரம் போய்விடும் என்ற பயம், ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வார்டு ஊழியரும் பேட்டை ஜனங்களும் வாய் திறந்து கேள்வி கேட்கத் தொடங்கியதால் வந்த எரிச்சல். வேலைநிறுத்தத்தில் சேராமல், ஆள் குறைந்த வார்டுகளில் இரவு பகலாக நின்ற டாக்டர்களும் இருந்தார்கள். ஆட்சி கவிழ்ந்த பிறகு அதற்கு அவர்கள் வேலையாலும், சிறையாலும், சிலர் உயிராலும் விலை கொடுத்தார்கள்.

1973 செப்டம்பர் 11. செவ்வாய்க்கிழமை. லா மொனெதா மாளிகையின் மேல் விமானங்கள் குண்டு போட்டன. (அந்தக் கட்டடம் ஆதியில் நாணயச் சாலை. நோட்டு அச்சடித்த அரசாங்கம் நாணயச் சாலையில் முடிந்தது என்று அவருடைய விரோதிகள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு மனம் வரவில்லை.) நாட்டை விட்டுப் போக விமானம் தருகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டார். வானொலியில் ஜனங்களிடம் விடைபெற்றார். அன்று உள்ளே அவரோடு கடைசி வரை இருந்தவர்களில் கணிசமானவர்கள் யார் தெரியுமா? டாக்டர்கள். அவருடைய வைத்தியக் குழுவினர், முன்னாள் சுகாதார மந்திரி, மனநோய் வைத்தியர் ஒருவர். சங்கம் எதிரே நின்றது. சகாக்கள் கூடவே நின்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே தொழில்.

பிற்பகலில், போதும், எல்லோரும் வரிசையாக இறங்கிச் சரணடையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் பின்தங்கினார். இறங்கிக்கொண்டிருந்த பத்ரிஸியோ கீஹோன் என்ற சர்ஜனுக்கு ஒரு நினைவு வந்தது: விஷவாயு முகமூடி ஒன்றை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்று! யுத்தத்தின் நடுவிலும் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் நினைக்கிற மனிதர். திரும்பிப் போனார். போன அவர்தாம், ஜனாதிபதி தம் துப்பாக்கியாலேயே தம் உயிரை முடித்துக்கொண்டதைக் கண்டார். நாடி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஒரு சர்ஜனுக்குத் தெரியும். ஆனாலும் கிட்டே போய் உட்கார்ந்தார். சிப்பாய்கள் வந்து பார்க்கும்போது பிரேதத்தின் பக்கத்தில் இருந்தது அவர் ஒருவரே.

சுட்டுக் கொன்றார்கள் என்று உலகத்தின் பாதி பல வருஷம் நம்பியது. கீஹோன் சொன்னதைக் கேட்க ஆளில்லை. 2011-இல் கோர்ட்டு உத்தரவுப்படி எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தடயவியல் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். கீஹோன் சொன்னதே சரி என்று ஊர்ஜிதமாயிற்று. 1,500 பிரேதங்களின் மரணக் காரணத்தை எழுதியவருடைய மரணக் காரணம் எழுதி முடிய 38 வருஷம் ஆயிற்று. அவருடைய மூக்குக்கண்ணாடியின் உடைந்த பாதி சான்டியாகோ சரித்திர மியூசியத்தில் இருக்கிறது.

அதன் பின் பதினேழு வருஷ ராணுவ ஆட்சியைப் பற்றி நீங்கள் அறிவீர்கள்; அது இந்தக் கட்டுரைக்கு வெளியே. அதில் சித்திரவதைப்பட்டுச் சிறையிலேயே இறந்தவர்களில் ஒருவர், அயெந்தே ஆட்சியில் உணவு விநியோகப் பொறுப்பு வகித்த விமானப்படை ஜெனரல் அல்பெர்த்தோ பாசெலெட். அவருடைய மகள் மிஷெல் குழந்தை வைத்தியம் படித்தார், சுகாதார மந்திரியானார், 2006-இல் சிலியின் ஜனாதிபதியானார், 2014-இல் இன்னொரு முறையும் ஆனார். ஒரு டாக்டரால் பட்டது போதும் என்று அந்த ஜனங்கள் நினைக்கவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: நோயைக் கண்டுபிடித்ததில் அயெந்தே சரி, முப்பத்தொரு வயதில் அவர் எழுதிய புஸ்தகத்தை இன்றைக்கு எந்த ஏழை தேசத்துச் சுகாதார இலாகாவின் மேஜையிலும் வைக்கலாம். கஜானாவைக் கையாண்டதில் அவர் தவறினார். அதற்கு ஏழைகளும் வரிசையில் நின்று விலை கொடுத்தார்கள். ஓட்டால் வந்தவரைக் குண்டால் இறக்கியதற்கு மட்டும் எந்த வியாக்கியானமும் செல்லாது.

ஆகையால் உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளைக்கு ஒரு டாக்டர் உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால், எங்கே படித்தீர்கள், எத்தனை ஆபரேஷன் செய்தீர்கள் என்றெல்லாம் கேட்டுப் பொழுதை வீணாக்காதீர்கள். இந்தத் தொகுதியில் குழந்தைகள் எதனால் நோயில் விழுகின்றன, அதில் மருந்தால் தீராதது எது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தவரானால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். உட்கார்ந்ததும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற இரண்டாவது கேள்வியையும் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.